பெல்ட்டின் கடைசி முழம்

நான் போவதற்கு முன்பே யாரோ அதை எழுப்பியிருந்தார்கள்.
பானட்டில் உள்ளங்கை வைத்தேன். சூடு.
ருஸ்தாவி சந்தையில் பிப்ரவரிக் காலை,
வரிசை வரிசையாய்க் கண்ணாடிகளில் உறைபனி,
இந்த வெள்ளிநிறச் செடானுக்கு மட்டும்
காய்ச்சல்.

"ஒரே ஆள் ஓட்டியது," என்றான் ஒதியா.
"அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை.
ஞாயிறு மட்டும் எடுப்பாள்."
ஆசிரியைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன பள்ளிக்கூடம்
என்று நான் கேட்கவில்லை.

பதினோரு வருடமாக ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கிறேன்.
ஒத்திகை பார்த்த குரல் எங்கும் தடுக்காது.
"தானாகத்தான் விழுந்தாள், படிக்கட்டில்"
என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.
இந்த எஞ்சினும் அப்படித்தான் பேசியது,
சீராக.

மீட்டரில் அறுபத்தோராயிரம்.
எண்ணைப் பின்னால் தள்ள ஒரு லேப்டாப்பும் கால் மணி நேரமும் போதும்.
பிரேக் மிதியின் ரப்பரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.
வலது ஓரம் வழுவழுத்துப்போய்,
இரண்டு லட்சம் கிலோமீட்டர் மிதித்த கால்
இன்னும் அங்கேயே இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே வாசனை அட்டைகள், லாவெண்டர்,
மூன்று.
மூன்று எதற்கு?

பெல்ட்டை இழுத்தேன்.
தோளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான்
எல்லாரும் இழுப்பார்கள். நான் விடவில்லை.
குளிர்காலக் கோட்டுக்கு ஆனது, கர்ப்பிணிக்கு ஆனது,
அதற்கும் அப்பால்
யாருக்கும் தேவைப்படாத அந்தக் கடைசி முழம்
தயங்கித் தயங்கி வெளியே வந்தது.
குறுக்கே ஒரு பழுப்புக் கோடு.
எந்த ஊர் ஆறோ, எந்த வருடத்து மழையோ,
இதுவரை ஏறி வந்து
சற்று யோசித்துவிட்டு
இறங்கிப் போயிருக்கிறது.

ஒதியா கோட்டைப் பார்த்தான். வாசனை அட்டைகளைப் பார்த்தான்.
"அம்மணி, இங்கே நிற்பவற்றில் பாதி
ஒருமுறை முங்கி எழுந்ததுதான்.
இது காய்ந்தாவது விட்டதே."
பொய்யை இறக்கி வைத்தவன் முகத்தில் வரும் இளைப்பாறல்.
எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

"நீ எதில் வீட்டுக்குப் போவாய்?"

வேலியோரம் கை காட்டினான்.
காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு குட்டிச் செடான்,
பின்கதவு மட்டும் பச்சை.
சக்கர வளைவில் துரு, பூசி மறைக்காத துரு.
பானட் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.
சாவியைத் திருப்பினான். இருமியது. நின்றது.
மறுபடி. கொஞ்சம் நீலப்புகை.
மூன்றாவது தடவை
யாரையோ திட்டிக்கொண்டே எழுந்தது.

"இது எவ்வளவு?"
"இது விற்பதற்கில்லை."
சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு
பையின் மேல் கையும் வைத்துக்கொண்டான்.
அன்று அந்தச் சந்தையில் ஒரு வண்டியைப் பற்றி
நான் கேட்ட முதல் நம்பகமான பேச்சு அதுதான்.

இருந்தாலும் ஒரு டயர் ரசீதின் பின்னால்
என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
திபிலிசிக்குத் திரும்பும் மினிபஸ்ஸில்
பக்கத்து இருக்கைக்காரர் ஒரு பம்பரை
மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தார்.

வியாழன். இரவு ஷிஃப்ட் முடிந்து
பூட்ஸைக் கழற்றும்போது தெரியாத எண்.
"பெல்ட் அம்மணிதானே?
அந்தக் காப்பி நிறம்... இன்னும் வேண்டுமா?"
குரல் சீராக இல்லை.
நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது.

ஏன் என்று முதலில் கேட்கக் கூடாது.
ஏன் பிறகு தானாக வரும்,
சில நாள் வராமலும் போகும்.
அதற்குள் அவன் போனை பானட்டின் மேல் வைத்துவிட்டான்.
இருமல். நிசப்தம். இருமல்.
கண்ணை மூடிக்கொண்டேன். வாய்
வேலைப் பழக்கத்தில் தானாகக் கேட்டது:

"எங்கே வலிக்கிறது?"

கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும்.
பிறகு,
"இரண்டாவது கியரில்," என்றான்.